வாசலுக்கு வராத வண்டி



சென்ற ஆண்டு என் தங்கை வீட்டில் நடந்த ஒன்றை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பிறர் குறையைச் சொல்லப் புறப்பட்டுவிட்டேன் என்று எண்ணிவிடாதீர்கள். என் குறையிலிருந்தே தொடங்குகிறேன்.

என் தங்கை வாழ்க்கைப்பட்டிருப்பது உத்திரமேரூரை அடுத்த ஒரு சிற்றூரில். அவளுடைய மாமியாருக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. வாரத்திற்கு மூன்று நாள் செங்கல்பட்டுக்குச் சென்று டயாலிசிஸ் செய்துகொண்டு திரும்ப வேண்டும். போக 30 கிலோமீட்டர். வர 30 கிலோமீட்டர். வீட்டில் ஒரு பழைய ஆம்னி வேன் இருந்தது. பெட்ரோல் குடிப்பதில் அது சளைத்ததில்லை. சிறியதொரு மளிகைக் கடையின் வருமானத்தில் அந்தச் செலவு மாப்பிள்ளையின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது.

அந்த வேளையில்தான் எளிய விலையில் மின்சாரக் கார் வந்திருக்கிறது என்று பத்திரிகையில் படித்தேன். உடனே மாப்பிள்ளையை அழைத்தேன். "பழைய வேனை விற்றுவிடுங்கள். அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துப் பதிவு செய்துவிடுங்கள். ஆறு வாரத்தில் வண்டி வந்துவிடுமாம். ஆறு வாரந்தானே, வாடகைக் காரில் சமாளித்துக்கொள்ளலாம்" என்றேன். ஓதிக்கொடுப்பவன், நாலும் படித்தவன் சொல்கிறானே என்று அவரும் நம்பினார். ஷஃபான் மாதத்தின் நடுவில் வேனை விற்றார், பதிவும் செய்தார். "பெருநாளைக்குள் வண்டி உங்கள் வாசலில் நிற்கும்" என்று விற்பனை நிலையத்தில் வாக்குக் கொடுத்தார்கள்.

பெருநாள் வந்தது, வண்டி வரவில்லை. கேட்டபோது, "பாகம் ஒன்று வரவேண்டியிருக்கிறது" என்றார்கள். அடுத்த முறை, "நீங்கள் கேட்ட நிறத்தில் வரவில்லை" என்றார்கள். அதற்கடுத்த முறை, "உங்களுக்கு முன்னால் பதிவு செய்தவர்களுக்கே இன்னும் கொடுத்து முடியவில்லை" என்றார்கள். ஹஜ்ஜுப் பெருநாளும் கழிந்தது. ஒரு நாள் வாடகைக் காருக்குப் பணம் புரளாமல், மாமியைப் பேருந்திலேயே அழைத்துச் சென்றிருக்கிறார்கள். திரும்பும்போது மாப்பிள்ளை தொலைபேசியில் பேசினார்.

"மச்சான், அம்மா பஸ் ஸ்டாண்டிலேயே மயங்கி உட்கார்ந்துட்டாங்க. இப்போ பரவாயில்லை. நீங்க கவலைப்படாதீங்க."

அவர் என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. "கவலைப்படாதீங்க" என்ற அந்தச் சொல்தான் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. கையிலிருந்த வண்டியை விற்கச் சொன்னவன் நானல்லவா?

முஹர்ரம் பிறந்த பிறகே கார் வந்து சேர்ந்தது. சொன்ன நாளுக்கு மூன்று மாதம் பிந்தி!

தாமதத்தின் விலை

இதில் என்ன இழப்பு, வண்டிதான் வந்துவிட்டதே என்று சிலர் கேட்கக்கூடும். கணக்கைப் பார்ப்போம்.

வாரம் மூன்று பயணம் என்றால் மாதம் 13 பயணம். ஏறத்தாழ 780 கிலோமீட்டர். பழைய வேனுக்கு லிட்டருக்கு 14 கிலோமீட்டர், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாதச் செலவு ஏறத்தாழ 5,500 ரூபாய். மின்சாரக் காரில் இதே தூரத்திற்கு 110 யூனிட் செலவாகும். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று கூட்டிவைத்துக் கணக்கிட்டாலும் 900 ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆக, மாதம் 4,600 ரூபாய் மிச்சம். என் யோசனை தவறான யோசனையன்று.

ஆனால், வாடகைக் காருக்கு ஒரு பயணத்திற்கு 1,600 ரூபாய் கொடுத்தார்கள். பேருந்தில் சென்ற நாட்களைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், அந்த மூன்று மாதத் தாமதம் 50,000 ரூபாயை விழுங்கிவிட்டது. ஏறத்தாழ ஓராண்டு ஓடிச் சேர்க்க வேண்டிய மிச்சம், வண்டி வாசலுக்கு வருமுன்பே கரைந்துபோயிற்று!

இரண்டு கார் வைத்திருப்பவருக்கு மூன்றாவது கார் பிந்தி வந்தால் அது எரிச்சல்; அவ்வளவே. ஒரே வண்டியை விற்று ஒரே வண்டிக்குக் காத்திருப்பவருக்கு அது மருந்துச் செலவு, பள்ளிக் கட்டணம், கடைக்குச் சரக்கு. எளியவருக்கென்று செய்யப்படும் வண்டியின் தாமதம் எளியவரையே அதிகமாக அடிக்கிறது. இதை விற்பவரும் எண்ணிப் பார்ப்பதில்லை; வாங்குபவரும் முன்கூட்டி எண்ணிப் பார்ப்பதில்லை.

ஏன் பிந்துகிறது?

இது ஏதோ ஒரு கடையில், ஒரு காரில் மட்டும் நேர்ந்ததன்று. மலிவு விலையை அறிவித்ததும் கூட்டம் திரள்வதும், கூட்டத்திற்கேற்பத் தொழிற்சாலை ஈடுகொடுக்க முடியாமல் திணறுவதும் நம் நாட்டில் பழைய கதை.

2009 ஏப்ரலில் டாட்டா நானோ காருக்குப் பதிவு தொடங்கியபோது இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணம் கட்டினார்கள். அதை உற்பத்தி செய்ய மேற்கு வங்காளத்தின் சிங்கூரில் எழுப்பிய தொழிற்சாலையை 2008-லேயே கைவிட நேர்ந்திருந்தது. குஜராத்தின் சாணந்தில் புதிய தொழிற்சாலை 2010-இல்தான் திறக்கப்பட்டது. எனவே முதல் ஒரு லட்சம் பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள்.

நம் மாநிலத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உற்பத்தியாகும் ஓலா மின்சார ஸ்கூட்டருக்கு 2021 ஜூலையில் 499 ரூபாய் கட்டிப் பதிவு செய்யலாம் என்றார்கள். 24 மணி நேரத்தில் ஒரு லட்சம் பதிவுகள்! அக்டோபரில் கொடுக்கத் தொடங்குவதாக இருந்த வண்டிகள், டிசம்பர் நடுவில்தான் வெளியே வரத் தொடங்கின.

2022 செப்டம்பர் 28 அன்று டாட்டா டியாகோ மின்சாரக் கார் 8.49 லட்சம் ரூபாய் தொடக்க விலையில் அறிவிக்கப்பட்டது. அந்த விலை முதலில் பதிவு செய்யும் 10,000 பேருக்கே என்றார்கள். அக்டோபர் 10 அன்று பதிவு தொடங்கியது. ஒரே நாளில் அந்த எண்ணிக்கை நிறைந்தது. மேலும் 10,000 பேருக்குச் சலுகையை நீட்டினார்கள். கார்கள் வாடிக்கையாளர் கைக்கு வரத் தொடங்கியது 2023-இன் தொடக்கத்தில். வெளிநாட்டிலும் இதே நிலைதான். அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனம் 35,000 டாலர் கார் என்று 2016-இல் முன்பணம் வாங்கியது. அந்த விலைக் கார் விற்பனைக்கு வந்தது 2019-இல்.

தாமதம் எல்லாம் ஏமாற்று என்று சொல்லிவிடவும் முடியாது. ஒரு காருக்குள் நூற்றுக்கணக்கான சிப்புகள் இருக்கின்றன. கொரோனாவுக்குப் பின் 2021, 2022-இல் உலகெங்கும் சிப் தட்டுப்பாடு ஏற்பட்டபோது பெரிய பெரிய தொழிற்சாலைகளே நின்றன. மின்சாரக் காரின் மோட்டாரில் வலிமை மிக்க காந்தம் இருக்கிறது. அதற்கு வேண்டிய அரிய மண் உலோகங்களைப் பிரித்தெடுப்பதில் சீனாவே முன்னிற்கிறது. 2025 ஏப்ரலில் அவற்றுள் 7 உலோகங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்தவுடன், இந்தியாவில் மின்சார வண்டி செய்பவர்கள் கலங்கிப்போனார்கள். பேட்டரிக்குள் இருக்கும் செல்களையும் நாம் பெருமளவில் இறக்குமதி செய்தே வருகிறோம். எங்கோ ஒரு துறைமுகத்தில் ஒரு பெட்டி நின்றால், உத்திரமேரூரில் ஒரு நோயாளி பேருந்துக்குக் காத்திருக்க நேர்கிறது. இதுவே இன்றைய உலகம்.

விற்பனை நிலையத்தில் பதில் சொன்ன இளைஞரையும் நான் குறை சொல்ல மாட்டேன். மேலிருந்து அவருக்குச் சொல்லப்படுவதைத்தான் அவர் சொல்கிறார். ஆனால், தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லாமல், "நாள் உறுதியாகத் தெரியவில்லை, பழைய வண்டியை விற்றுவிடாதீர்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த 50,000 ரூபாய் மிஞ்சியிருக்கும் அன்றோ?

தவணை தெரிய வேண்டும்

மதரஸாவில் வணிகச் சட்டப் பாடம் வரும்போது 'ஸலம்' என்றொரு தலைப்பு வரும். பொருள் பின்னால், பணம் முன்னால். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, அங்குள்ள மக்கள் இனிமேல் விளையப்போகும் கனிகளுக்கு ஓராண்டு, ஈராண்டு முன்பே பணம் கொடுத்து வந்தார்கள். அவ்வழக்கத்தை நபிகளார் அடியோடு நிறுத்திவிடவில்லை. அளவு தெரிந்திருக்க வேண்டும், எடை தெரிந்திருக்க வேண்டும், கொடுக்கும் தவணை தெரிந்திருக்க வேண்டும் என்று வரையறுத்தார்கள்.

காருக்கு முன்பணம் கட்டிப் பதிவு செய்வது அப்படியே ஸலம் ஆகிவிடாது. ஆயினும், அப்பாடத்தின் உயிர் இதற்கும் பொருந்தும். கையில் இல்லாத பொருளுக்குப் பணம் வாங்குகிறவர், அது எப்போது கைக்கு வரும் என்பதைச் சொல்லக் கடமைப்பட்டவர். ஆண்டுதோறும் இப்பாடத்தை நடத்துகிற நான், என் தங்கை வீட்டு விஷயத்தில் தவணையை வாய்ச்சொல்லாகவே விட்டுவிட்டேன். பாடம் புத்தகத்திலேயே இருந்துவிட்டது!

நாங்கள் வாழும் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். உத்திரமேரூர் என்றாலே குடவோலைக் கல்வெட்டு நினைவுக்கு வரும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும், ஊர் வாரியத்துக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்பதைச் சுவரில் வெட்டி வைத்தார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வரக்கூடாது என்பதும் அதில் ஒன்று. வாய்ச்சொல்லை நம்பாமல் கல்லில் எழுதிவைத்த ஊர்க்காரர்கள், ஒரு தாளில்கூட எழுதி வாங்காமல் லட்சங்களைக் கட்டிவிட்டு வந்தோம்.

வண்டி வந்தது, மின்சாரம் ஏறவில்லை

கதை அத்தோடு முடியவில்லை. கார் வந்த அன்று மாலை, வீட்டுக்கு வெளியே இருந்த பிளக்கில் இணைத்தார்கள். சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தது. மின்சாரம் ஏறவில்லை. வண்டியே பழுது என்று மாப்பிள்ளை பதறிவிட்டார்.

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துச் சொன்னார்: "பாய், எர்த் கம்பி இருக்கு. ஆனா அது எங்கேயும் போய்ச் சேரலை."

பழைய காலத்து வயரிங். மிக்ஸிக்கும் மின்விசிறிக்கும் அது போதும். ஆனால், இத்தகைய சிறிய கார்களின் 3.3 கிலோவாட் சார்ஜர் ஏறத்தாழ 15 ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கும். அதுவும் இரவு முழுவதும் தொடர்ந்து. 24 கிலோவாட்-மணி பேட்டரி நிறைய ஏறத்தாழ 9 மணி நேரம் ஆகும். மெல்லிய கம்பி அவ்வளவு நேரம் தாங்காது, சூடேறி உருகும். எர்த் சரியில்லையென்றால் சார்ஜர் தானாகவே மறுத்துவிடும். அது பழுதன்று, நம் உயிரைக் காப்பதற்காக வைத்த பூட்டு.

மீட்டர் பெட்டியிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி இழுத்து, புதிதாகக் குழி தோண்டி எர்த் போட்டு, மின்கசிவு நேர்ந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்சும் பொருத்தி முடிக்க நான்கு நாட்கள் ஆயின. அந்த நான்கு நாட்களும் மறுபடி வாடகைக் கார்தான். காத்திருந்த நான்கரை மாதத்தில் இந்த நான்கு நாள் வேலையை முடித்து வைத்திருக்கக்கூடாதா? விற்பவரைத் திட்டுவதில் கழிந்த பொழுதில் எங்கள் பக்கத்து வேலை கிடந்துவிட்டது. அந்தத் தாமதம் எங்களுடையது.

நாட்டுப்புறத்தில் எங்கே சார்ஜ் செய்வது?

"வழியில் பேட்டரி தீர்ந்தால் என்ன செய்வது?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வேக மின்னேற்ற நிலையங்கள் முதலில் வருவது பெரிய சாலைகளில்தான். நம் மாவட்டத்தின் இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஹூண்டாய் நிறுவனம், 2023 மே மாதத்தில் தமிழக அரசோடு செய்த உடன்படிக்கையில் 100 மின்னேற்ற நிலையங்கள் அமைப்பதாகச் சொன்னதும் முக்கிய நெடுஞ்சாலைகளில்தான். சென்னை-பெங்களூரு சாலை ஒரு பக்கம், சென்னை-திண்டிவனம் சாலை மறுபக்கம். இரண்டுக்கும் நடுவே உள்ளே தள்ளி இருக்கிறது உத்திரமேரூர். எனவே, கிராமத்து வீட்டின் பெட்ரோல் பங்க், அந்த வீட்டுச் சுவரிலுள்ள பிளக்தான் என்று எண்ணியே முடிவு செய்ய வேண்டும்.

அதனால் அஞ்சவும் வேண்டியதில்லை. நிறுவனங்கள் ஒரு முறை ஏற்றினால் 250 கிலோமீட்டர், 315 கிலோமீட்டர் என்று சொல்வது சோதனைக் கணக்கு. அதில் மூன்றில் இரண்டு பங்கையே நம்பிக் கணக்கிடுவது அறிவுடைமை. அப்படிப் பார்த்தாலும் செங்கல்பட்டு போய்வரும் 60 கிலோமீட்டருக்குப் பேட்டரியில் பாதிகூடத் தீராது. நாள்தோறும் போகும் தூரம் குறைவாகவும், இரவில் நிற்கும் இடம் சொந்தமாகவும் இருந்தால் இவ்வண்டி அருமையானது. வாடகை வீட்டில் இருப்பவரும், மாடிவீட்டில் குடியிருந்து தெருவில் வண்டியை நிறுத்துபவரும் பலமுறை யோசிக்க வேண்டும்.

மின்கட்டணத்திலும் ஒரு நுட்பம் உண்டு. நம் மாநிலத்தில் வீட்டு மின்சாரத்திற்கு இரண்டு மாதத்திற்கு ஒரு குறிப்பிட்ட அளவு இலவசம். பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் கூடும். 500 யூனிட்டைத் தாண்டினால் சலுகைகள் குறைந்துவிடும். இரண்டு மாதத்தில் இந்தக் கார் எடுக்கும் 220 யூனிட், ஏற்கெனவே 300 யூனிட் செலவாகும் வீட்டை அந்த எல்லைக்கு அப்பால் தள்ளிவிடும். அப்போதும் பெட்ரோலைவிட இலாபமே. ஆனால், முதல் கட்டணச் சீட்டைப் பார்த்து மயங்கி விழாமல் இருக்க முன்பே தெரிந்துவைத்திருப்பது நல்லது.

மழைக்காலத்தையும் மறக்கக்கூடாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது வட மாவட்டங்கள் பட்ட பாட்டை அறிவோம். நோயாளி இருக்கும் வீட்டில், புயல் எச்சரிக்கை வந்த அன்றே பேட்டரியை நிறைத்துவைத்துவிட வேண்டும். மின்சாரம் போன பிறகு தேடுவதில் பயனில்லை.

பணம் கட்டுமுன் நான்கு கேள்விகள்

என் தங்கை வீட்டில் கொடுத்த விலையை உங்கள் வீட்டிலும் கொடுக்க வேண்டாம். மின்சாரக் கார் வாங்க எண்ணுவோர் பணம் கட்டுமுன் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று: வண்டி எந்த நாளில் வரும் என்பதைத் தாளில் எழுதிக் கொடுப்பார்களா? பிந்தினால் முன்பணம் முழுவதும் திரும்பக் கிடைக்குமா? இடையில் விலை உயர்ந்தால் எந்த விலை?

இரண்டு: சொல்லும் விலையில் பேட்டரியும் அடங்குமா? விலையைக் குறைத்துவைத்து, பேட்டரிக்குக் கிலோமீட்டர் கணக்கில் வாடகை வாங்கும் திட்டங்கள் 2024 முதல் வந்திருக்கின்றன. அவற்றில் ஓட்டம் கூடினால் செலவும் கூடும்.

மூன்று: வீட்டு வயரிங்கும் எர்த்தும் தாங்குமா? பதிவு செய்த வாரத்திலேயே எலக்ட்ரீஷியனை அழைத்துக் காட்டிவிடுங்கள்.

நான்கு: புதியது வாசலில் வந்து நிற்கும்வரை பழையதை வைத்துக்கொள்ள முடியுமா? முடியாதென்றால், அவசரப்படாதீர்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் வாக்குத் தவறினால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் முறையிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். அங்கே முதலில் கேட்பது, "எழுத்தில் என்ன இருக்கிறது?" என்பதுதான்.

இறுதியாக ஒரு சொல். நம் இல்லங்களில் வணிகர்கள் பலர், தொழில் செய்பவர்கள் பலர். பெருநாளுக்குச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டு, பிறை பார்த்த இரவில் தையற்கடை வாசலில் பிள்ளையோடு நின்ற அனுபவம் நம்மில் யாருக்கில்லை? "நாளைக்குத் தருகிறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பும் நாமும், வண்டிக்குத் தவணை சொன்ன அந்த நிறுவனமும் ஒரே பழக்கத்தின் இரு முனைகள்தாமே! தெரியாத நாளைத் தெரிந்ததுபோல் சொல்லாதிருப்போம்.

இப்போது மாமி அந்தச் சிறிய காரில்தான் செங்கல்பட்டுக்குப் போய்வருகிறார்கள். "சத்தமே இல்லை தம்பி, வரும்போது தூங்கிடுறேன்" என்றார்கள், சென்ற வெள்ளிக்கிழமை நான் பார்க்கப் போயிருந்தபோது. என்னைக் கண்டதும் ஒரு தேநீர் கொடுக்கச் சொன்னார்களே தவிர, பேருந்து நிலையத்தில் மயங்கி உட்கார்ந்த நாளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான்தான் மறக்கவில்லை. பிறருக்கு யோசனை சொல்லும்போது, அது தவறிப்போனால் யார் தலையில் விழும் என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்துச் சொல்வோமாக!